மேற்படி கால்

ஜனவரி 1

முத்திரைத்தாள் விற்கும் பக்கிரிசாமி வழக்கம்போல ஒரு டைரி கொடுத்தார். போன வருட டைரியை நான் பிப்ரவரியோடு நிறுத்திவிட்டதை வைரம் ஞாபகப்படுத்தினாள். "இதையாச்சும் எங்கிட்ட குடுங்க, பால்காரனுக்கு எழுதிக்கிறேன்" என்றாள். கொடுப்பதாக இல்லை.

ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதுகிறவனுக்குத் தன்னைப் பற்றி எழுத வரவில்லை. தொழில் பழக்கத்தில் எழுதினால் இப்படித்தான் வருகிறது: வலங்கைமான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் பத்திர எழுத்தராக இருந்து வருபவரும், வைரக்கண்ணு என்பவரின் கணவரும், தையல்நாயகி என்பவரின் தகப்பனாருமாகிய சிவக்கொழுந்து, யாருடைய தூண்டுதலும் இன்றி, முழு மனதுடன் எழுதிக்கொண்டது. வில்லங்கம்: வலது கால்.

முழங்காலுக்குக் கீழே யானைக்கால். தையலு தவழ்ந்துகொண்டிருந்த வயதில் ஒரு ஜுரத்தோடு ஆரம்பித்தது. இப்போது அதனால் எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை. வேட்டி மறைத்துக்கொள்கிறது. என் மேஜையின் முன்பக்கம் தரைவரை பலகை அடித்திருக்கிறேன், தூசி வராது. வீட்டில் நான் படுப்பது கூடத்தில், தனிக் கொசுவலைக்குள். காற்றோட்டத்துக்காக. தினமும் சாயங்காலம் பின்கட்டுக் குழாயடியில் வைரம் மேற்படி காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கையெல்லாம் தன் பழைய புடவையில் கிழித்த மெல்லிய மல்லுத் துணியால் ஒற்றி எடுக்கிறாள். ஈரம் நின்றால் புண்ணாகிவிடும் என்று நர்ஸ் சொன்ன நாளிலிருந்து விட்டதே இல்லை. வேண்டாமென்றாலும் கேட்பதில்லை. பிடிவாதக்காரி.

ஜனவரி 6

தையலு கும்பகோணத்தில் டாக்டர் மெஹருன்னிசாவின் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களைப் படுக்க வைப்பது, பசை தடவுவது, டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிப்பது. இன்றைக்கும் தாமதமாகத்தான் வந்தாள். ஜெனரேட்டர் பழுதாம். மன்னார்குடியிலிருந்து மெக்கானிக் வந்து சரிசெய்யும்வரை கூடவே நிற்க வேண்டியதாயிற்றாம். போன வாரமும் இதே கதை. மட்டமான ஜெனரேட்டரை வாங்கி வைத்துக்கொண்டு அந்த டாக்டரம்மா இப்படி அவதிப்பட வேண்டாம் என்றேன். வைரம் சிரித்தாள். எதற்கென்று தெரியவில்லை.

ஜனவரி 15

பொங்கல். பானை பொங்கி வழியும் நேரம் பார்த்துத் தையலு சொன்னாள். மெக்கானிக்கின் பெயர் மதியழகன். வருகிற ஞாயிறு தன் அம்மாவோடு பெண் கேட்டு வருகிறானாம்.

ஜெனரேட்டரில் கோளாறே இல்லையாம்.

ஜனவரி 21

பெண் பார்க்க வந்து போனார்கள்.

காலையிலேயே எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். கூடத்து மூலையில் நாற்காலி, அதற்கு முன்னால் டீப்பாய், டீப்பாயின் மேல் தரையைத் தொடும்படி ஒரு விரிப்பு. அவர்கள் வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டியது, போன பிறகு எழுந்துகொள்ள வேண்டியது. வில்லங்கத்தை மறைத்து எழுதினால் பின்னால் கேஸ் வரும் என்று கட்சிக்காரர்களை மிரட்டுகிற அதே ஆள்தான் நான்.

பையனின் தாயார் மங்கையர்க்கரசி. கணவர் காலமாகிவிட்டார். வாசலிலேயே நின்று கும்பிட்டார். நான் உட்கார்ந்தபடியே கும்பிட்டேன். பையன் ஆசீர்வாதம் வாங்கக் குனிந்து வந்தான். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று விரிப்பை இழுத்துவிட்டுக்கொண்டேன். பஜ்ஜி வந்தது, கேசரி வந்தது. வைரம் கண்ணால் ஜாடை காட்டினாள், நான் பார்க்கவில்லை. நேரம் ஆக ஆக அந்த அம்மாளின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கிளம்பும்போதும் நான் எழுந்திருக்கவில்லை.

"பொண்ணப் பெத்தவருக்கு எந்திரிச்சு வாங்கன்னு சொல்ல வாய் வலிக்குதா, காலு வலிக்குதா" என்றார், மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி.

காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த தையலு நிமிர்ந்தாள். "காலுதாங்க. அப்பாவுக்கு யானைக்கால். நீங்க பாத்துடக் கூடாதுன்னு காலையிலேருந்து அந்த நாக்காலிய விட்டு எந்திரிக்கல. பாத்ரூம்கூட போவல."

அவளை அறைந்துவிடலாம் போலிருந்தது. விரிப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பையன்தான் என் பக்கம் வந்து டீப்பாயை ஓரமாக நகர்த்தினான்.

"மாமா, மொதல்ல போயிட்டு வாங்க" என்றான்.

போனேன்.

ஜனவரி 23

மன்னார்குடியிலிருந்து தகவல் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. போனில் சார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொண்டேன்.

ஜனவரி 31

அந்த அம்மாள் பேசினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வகையறாவுல காலு கையெல்லாம் சுத்தம். ஒங்க பொண்ணு அந்த மெசினு பக்கத்துலயேதான நிக்கிது. அது ஒடம்புக்குள்ள யானைக்கால் பூச்சி ஏதும் இருக்கான்னு ஒரு படம் எடுத்துப் பாத்துரச் சொல்லுங்க. இல்லன்னு வந்துட்டா தேதி குறிச்சிரலாம்."

வில்லங்கச் சான்று கேட்கிறார். காலிமனை வாங்குகிறவர்கள் கேட்பார்கள், நானும் எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் பெண்ணுக்கு ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. "வேற எடம் பாத்துக்கங்கம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். தையலு போனை வாங்கிக்கொண்டாள்.

"எடுத்துக்கிறேன் அத்தை. ஆனா ஒங்க புள்ளையும் அதே கட்டில்ல படுக்கணும். சரின்னா சொல்லுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து, "அவனுக்கென்ன, ராசா மாதிரி இருக்கான். படுக்கட்டும்" என்றார்.

தையலு போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்களும் வர்றீங்கப்பா."

"எனக்கு எதுக்கு? எனக்கு இருக்குறதுதான் ஊருக்கே தெரியுதே."

"காலு தெரியுது. உள்ள என்ன இருக்குன்னு யாரு பாத்தா?"

பிப்ரவரி 7

ஸ்கேன் சென்டர் முழுக்கக் கர்ப்பிணிப் பெண்கள். தண்ணீர் பாட்டிலும் கையுமாக, வயிறு முட்டக் குடித்துவிட்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று நெளிந்துகொண்டிருந்தார்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகைக்குக் கீழே நானும் மதியழகனும் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்த பெண், "ஒங்க வீட்டம்மா உள்ள இருக்காங்களா?" என்று அவனைக் கேட்டாள். "இல்லக்கா, நாந்தான்" என்றான். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. மங்கையர்க்கரசி அம்மாளும் என் வைரமும் எதிர் பெஞ்சில், நடுவில் ஒரு கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் தையலு. டாக்டரே திரைச்சீலைக்கு வெளியே வந்து சொன்னார். "தையல்நாயகிக்கு ஒண்ணும் இல்லை. ஸ்கேன்ல தெரியலைங்கிறதால இல்லவே இல்லைன்னு சொல்லிட முடியாது, அதனால ரத்தமும் பாத்துட்டேன். அதுலயும் இல்லை." வைரம் அந்தக் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்து நான். தொடை இடுக்கிலிருந்து கணுக்கால்வரை டாக்டர் அந்தக் கருவியை ஓட்டிக்கொண்டே போனார். பசை ஜில்லென்றிருந்தது. என் காலை அவ்வளவு நேரம் ஓர் அந்நியர் தொட்டதில்லை. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ மேகம். கடைசியில் காகிதத் துணியால் தானே துடைத்துவிட்டார்.

"ஐயா, உங்களுக்குள்ள உயிரோட ஒண்ணுமே இல்லை. அந்தப் புழுவெல்லாம் என்னைக்கோ செத்துப்போச்சு. போறப்ப நிணநீர் ஓடுற குழாயை அடைச்சுட்டுப் போயிடுச்சு, அதான் கால் வடியல. ரத்தத்திலயும் சுத்தமா இல்லை. உங்களைக் கடிச்ச கொசு இன்னொருத்தரைக் கடிச்சா, கொடுக்கிறதுக்கு அதுகிட்ட ஒண்ணும் இருக்காது."

"எப்பலேருந்தும்மா?"

"பல வருஷமாவே இருக்கலாம்."

நான் எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டேன். கட்ட வரவில்லை. மறுபடி கட்டினேன்.

மதியழகனின் முறை வந்தபோது தையலு வெளியே போய்விட்டாள். ஆண்களுக்கு அந்தப் புழு முதலில் கூடு கட்டுவது சொல்லக் கூசும் இடத்தில். டாக்டரோ பெண். பையன் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நீங்க கொஞ்சம் உள்ள வாங்களேன்" என்றான். மாமனாராகப் போகிறவனிடம் எந்த மாப்பிள்ளையும் இப்படி ஓர் உதவி கேட்டிருக்க மாட்டான். போனேன். அவன் பக்கம் பார்க்காமல் இருப்பதற்காகத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதனால்தான் டாக்டர் பேசுவதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன்.

சேமியா பாயசம் கொதிக்கும்போது இழைகள் மேலும் கீழும் புரளுமே, அப்படி. கறுப்பாக ஒரு சின்னப் பை, அதற்குள் வெள்ளை இழைகள் விடாமல் புரண்டுகொண்டிருந்தன. டாக்டர் கருவியை அசைக்காமல் பிடித்தார். அவை நிற்கவில்லை. மூச்சை அடக்கச் சொன்னார். அப்போதும் நிற்கவில்லை.

"என்ன டாக்டர் அது?" என்றான் படுத்திருந்தவன்.

"யானைக்கால் புழு. உயிரோட இருக்கு. இது இப்படி ஆடுறதுக்கு நாங்க நடனம்னே பேர் வெச்சிருக்கோம்." அவர் திரையை அவன் பக்கம் திருப்பினார். "பயப்படாதீங்க. சேதம் வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டோம். ஒழுங்கா மருந்து சாப்பிட்டா கால் வீங்காம பாத்துக்கலாம். ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு நேரா ஒட்டவும் செய்யாது, நடுவில கொசு வேணும்."

அவன் தன்னுடைய நல்ல கால்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். நான் அவன் தோளைத் தொட்டேன். சட்டை நனைந்திருந்தது.

வெளியே வந்து டாக்டர் சொன்னதும் மங்கையர்க்கரசி அம்மாள், "படம் மாறியிருக்கும். இது அவரு காலோட படம்" என்று என்னைக் காட்டினார். டாக்டர் பொறுமையாக மறுபடியும் சொன்னார். அந்த அம்மாள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போய்விட்டார். பின்னாலேயே பையனும் போனான். தையலுவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 8

இன்று என் பாயை உள்ளே போட்டேன். கூடத்தில் காற்று அப்படி ஒன்றும் வருவதில்லை. வைரம் தன் பாயைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு இடம் விட்டாள்.

பிப்ரவரி 10

மதியழகன் தையலுவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். 'உன்னை இதில் இழுத்துவிட மாட்டேன். உன் அப்பா பட்டதை நீ திரும்பவும் பார்க்க வேண்டாம். வேறு இடம் பார்க்கச் சொல்.' தையலு போன் செய்தால் எடுக்கவில்லை. ஜெனரேட்டரை நிஜமாகவே கெடுத்து வைத்தாளாம். வேறு ஆளை அனுப்பிவிட்டான்.

பிப்ரவரி 12

ஸ்கேன் எடுத்த மறுநாள் முழுக்க அந்த அம்மாளின் முகத்தை நினைத்து மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். வகையறாவில் கால் கையெல்லாம் சுத்தம் என்றாரே. இத்தனை வருடமாக என் காலைப் பார்த்து முகம் திருப்பியவர்கள் எல்லோருக்கும் சேர்த்து அந்தத் திரையில் பதில் வந்ததுபோல இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் எழுதுவானேன்.

தையலு மூன்றாவது நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க அந்தச் சிரிப்பு எனக்கே கசந்துபோனது. இந்தப் பையன் போனால் இவள் இன்னொருவனைத் தேடமாட்டாள். பிடிவாதத்தில் தாயைக் கொண்டிருக்கிறாள்.

நாளைக்கு மன்னார்குடிப் பக்கம் ஒரு பத்திர வேலை இருக்கிறது என்று வைரத்திடம் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 13

பத்திர வேலை எதுவும் இல்லை.

மன்னார்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டினேன். வெளியூரில் அப்படிக் கட்டி எத்தனையோ வருடமாகிறது. ஒன்றிரண்டு பேர் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவர்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். தண்ணீரைத் தாண்டிய பிறகும் இறக்கிவிடவில்லை, வெயிலுக்குச் சுகமாக இருந்தது.

வீட்டோடு சேர்ந்த பட்டறை. பையன் ஒரு ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "மாமா, நான் சொல்ல வேண்டியதத் தையலுகிட்ட சொல்லிட்டேன்" என்றான்.

"எங்கிட்ட சொல்லலையே."

"என்னத்த சொல்றது? நாளைக்கு எனக்கும் இப்புடி ஆனா…" என் காலைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"சொல்லு தம்பி. இப்புடி ஆனா எம்பொண்ணு தெனம் கழுவி விடணும், அதான? அவ அம்மா செய்யிறா. செத்தா போயிட்டா? எனக்கு ஒன் வயசுல அந்த மெசின் கெடைக்கல. காலு வீங்கினப்பறந்தான் என்ன வியாதின்னே தெரிஞ்சுது. ஒனக்கு முன்னாடியே காமிச்சுக் குடுத்துருக்கு. மாத்திரையத் தின்னுட்டு வந்து சேரு. அத விட்டுட்டு எம்பொண்ண ஏன் பட்டினி போடுற?"

"சாப்பிடலையா அவ?" என்றான். குரல் மாறிவிட்டது.

மங்கையர்க்கரசி அம்மாள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு மஞ்சள் டப்பாவோடு வந்தார். திறந்தால் உள்ளே மாத்திரைகள், பழுப்பேறியும் உடைந்தும். வருஷா வருஷம் சுகாதார நர்ஸ் வீடு வீடாக வந்து கொடுக்கும் யானைக்கால் மாத்திரை. எங்கள் வீட்டில் நர்ஸ் எதிரிலேயே விழுங்கிவிடுவோம்.

"நல்ல காலுக்கு எதுக்கு மாத்திரைன்னு நாந்தான் வாங்கி வாங்கிப் போட்டு வச்சேன்" என்றார். "அவனையும் திங்க வுடல. இப்ப இத்தனையும் சேத்துக் குடுத்தா சரியாயிருமா அண்ணே?"

டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கி மூடினேன். டாக்டர் புதிதாக எழுதித் தருவார், இதை ஆற்றில்கூடப் போட வேண்டாம், நர்ஸிடமே கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு என்னை உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தார். முகத்தைத் திருப்பவில்லை.

"வலிக்குமாண்ணே?"

வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு, ஐயோ பாவம் என்றவர்கள் உண்டு. வலிக்குமா என்று வெளியாள் ஒருவர் கேட்டது எனக்கு ஞாபகமில்லை. சில நாள் வலிக்கும் என்றேன். அவர் காப்பி போடப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பட்டறையில் டீசல் புகை வேறு.

பிப்ரவரி 20

மருந்து ஆரம்பித்தாயிற்று. ஒன்று கொஞ்ச நாளைக்கு, இன்னொன்று ஒன்றரை மாதத்துக்கு. பையனுக்கு நல்ல ஜுரம். உள்ளே புழு சாகும்போது அப்படித்தான் இருக்குமாம், டாக்டர் சொன்னார்.

காலையில் ஒரு தடவை பேசினேன், சாயங்காலமும் பேசினேன். வீட்டுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கலாமா என்று விசாரிக்க.

பிப்ரவரி 23

ஜுரம் விட்டுவிட்டது. ஜெனரேட்டர் வேண்டாமென்று முடிவு செய்தேன்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. வைரம் சேமியா பாயசம் வைத்தாள். ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். முடியவில்லை. காரணத்தைச் சொன்னதும் தையலுவும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். மொத்தத்தையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம்.

நேற்று ஒரு தடவை ஸ்கேன் பார்த்தார்களாம். கூட்டில் அசைவு குறைந்திருக்கிறது, ஆனால் ஆட்டம் இன்னும் நிற்கவில்லை. அது நிற்கும்வரை தாலி கட்ட மாட்டேன் என்கிறான் மதியழகன். கல்யாணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரும் சொல்லிப் பார்த்துவிட்டார். "அவருக்கு நிக்கிறவரைக்கும் எனக்கும் தூக்கம் வராதுப்பா" என்றாள் தையலு. வைகாசிக்கென்று பார்த்து வைத்திருந்த மண்டபத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 19

ஞாயிற்றுக்கிழமைகளில் பையன் இங்கே வந்துவிடுகிறான். வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்றைச் சரிசெய்கிறான். மிக்ஸி, தண்ணீர் மோட்டார், வாசல் விளக்கு. இன்று சரிசெய்ய ஒன்றும் கிடைக்காமல் பின்கட்டுக்கு வந்துவிட்டான். வைரம் என் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"அத்தை, கழுவினாப் போதாதா? எதுக்கு இவ்வளவு நேரம் தொடைக்கிறீங்க?"

"வெரலு நடுவுல ஈரம் நிக்கக் கூடாது தம்பி. நின்னா வெடிச்சிரும். வெடிச்சா ஜொரம் வந்துரும். தேய்க்கவும் கூடாது, ஒத்தித்தான் எடுக்கணும்."

அவன் குந்தி உட்கார்ந்து, இன்ஜினைப் பார்ப்பதுபோலக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கூச்சமாக இருந்தது. "போய் டிவி பாரேன்" என்றேன். போகவில்லை.

ஜூலை 11

நின்றுவிட்டது.

என்னையும் உள்ளே கூப்பிட்டான். இந்தத் தடவை டாக்டரும் சிரித்தார். அதே கறுப்புப் பை, அதே இடம். அடுப்பை அணைத்த பிறகு பாயசம் இருக்குமே, அப்படி எல்லாம் அடங்கிக் கிடந்தது. டாக்டர் கருவியை அசைக்காமல் நெடுநேரம் பிடித்திருந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், சொன்னது அவனுக்குத்தான் என்றாலும்.

"அடுத்த வருஷமும் வந்து காட்டணும். ஊர்ல மாத்திரை கொடுக்கும்போது வீட்ல எல்லாரும் முழுங்கணும்" என்றார்.

"எங்கம்மா நர்ஸ் வீட்டுக்கே போயி முழுங்கிட்டு வந்துட்டாங்க டாக்டர்" என்றான்.

தையலு கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும், காத்திருந்த கர்ப்பிணிகள் அத்தனை பேர் எதிரிலும் அழுதுவிட்டாள். ஒரு பெண் எழுந்து வந்து தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 18

ஆவணியில் முகூர்த்தம். செப்டம்பர் ஐந்து, கும்பகோணம் மண்டபம். சமையல்காரரிடம் பருப்புப் பாயசம் என்று முதல் வரியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

புரோகிதர் சடங்குகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். தாலி கட்டுவதற்கு முன்னால் பாத பூஜை, மணமக்கள் பெற்றோரின் காலைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவிப் பொட்டிட்டுப் பூப்போடுவது. அது வேண்டாம் என்றேன். முகூர்த்த நேரம் குறைவு. "அதுக்கு எவ்வளவு நேரமாயிடும்?" என்றார். நேரம் குறைவு என்று மறுபடியும் சொன்னேன். வைரம் என்னைப் பார்த்தாள். தையலு எழுந்து உள்ளே போனாள்.

எல்லோரும் போன பிறகு பரணிலிருந்து தாம்பாளத்தை இறக்கிக் காலை வைத்துப் பார்த்தேன். விளிம்பு இடித்தது, பாதி வெளியே நின்றது. அதனால் ஒன்றும் இல்லை. நேரம்தான் குறைவு.

செப்டம்பர் 6

நேற்று எழுத நேரமில்லை. தையலு நேற்றே மன்னார்குடிக்குப் போய்விட்டாள். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. வைரம் வெற்றிலைத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மறுபடியும் எடுத்துக் கழுவுகிறாள்.

மணமேடையில் நான் முன்ஜாக்கிரதையாக நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். புரோகிதர் அடுத்தது தாலி என்று சொல்லப்போகிற நேரம், மங்கையர்க்கரசி அம்மாள் மேடையேறி வந்தார். இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி ஒரு பித்தளைத் தாம்பாளம். புத்தம் புதிது. அவ்வளவு பெரிய தாம்பாளத்தை நான் கோயிலில்தான் பார்த்திருக்கிறேன். என் எதிரில் வைத்தார்.

"பாத்திரக் கடையில சொல்லி அடிச்சதுண்ணே" என்றார். "ஒங்க காலு அளவு எனக்கு எங்க தெரியும்? தையலு நூலு புடிச்சுக் குடுத்துச்சு."

தூங்கும்போது பிடித்திருக்கிறாள். திருட்டுப்பெண்.

"நேரமில்லம்மா" என்றேன்.

"நேரமெல்லாம் இருக்கு" என்றார் புரோகிதர். அவரிடமும் முன்கூட்டியே பேசியிருக்கிறார்கள்.

வைரம் வந்து என் கையைப் பிடித்தாள். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டேன், நாங்கள் இருவரும் தாம்பாளத்தில் ஏறி நின்றோம். நான்கு பாதமும் அதில் அடங்கின, மிச்சம் இடமும் இருந்தது. தையலு பட்டுப்புடவையோடு மண்டியிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பால் ஊற்றினாள். மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, என் வீங்கின பாதத்தின் மேல் ரோஜா இதழைப் போட்டாள். போடும்போது குனிந்து காலில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அவள் தவழ்கிற வயதில் அந்தக் காலைப் பிடித்துத்தான் எழுந்து நிற்பாள். வீங்க ஆரம்பித்ததும் நான்தான் அவளைக் கிட்டவே விடாமல் தள்ளித் தள்ளி வைத்தேன்.

தன் தாய்க்குப் பூஜையை முடித்துவிட்டு மதியழகன் எங்களிடம் வந்தான். விழுந்து கும்பிட்டான். எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். எழவில்லை. மாலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, இடுப்பிலிருந்து எதையோ எடுத்தான். மல்லுத் துணி. வைரத்தின் பழைய புடவையில் கிழித்தது, கரையைப் பார்த்ததும் தெரிந்தது. என் வலது பாதத்தைத் தூக்கித் தன் பட்டு வேட்டியின் மேல் வைத்துக்கொண்டு, சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வோர் இடுக்காக ஒற்றி எடுத்தான். தேய்க்கவில்லை.

நாதஸ்வரக்காரர் வாசித்து முடித்துவிட்டுக் காத்திருந்தார். புரோகிதர் குனிந்து, "தம்பி, இப்ப நெஜமாவே நேரமாவுது" என்றார்.

"இருங்க சாமி" என்றான் மாப்பிள்ளை, நிமிராமல். "ஈரம் நிக்கக் கூடாது."

மண்டபம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. வேட்டியை இறக்கிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.